இடிமழைக்குப் பிறகு உயிர்பெறாத கணினி: பழுதடைந்த பாகம் எது என்று கண்டறிவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: இடியுடன் மழை பெய்த இரவில் மின்சாரம் இரண்டு முறை போய்ப் போய் வந்தது, கணினி அப்போது ஓடிக்கொண்டிருந்தது, காலையில் பார்த்தபோது கணினியும் இணைய ரூட்டரும் உயிரற்றுக் கிடந்தன. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும் என்று எண்ணிப் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தினீர்கள். இப்போது பட்டனை அழுத்தினால் மின்விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மதர்போர்டு, பிராசஸர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஹார்ட் டிஸ்கில் உள்ள குடும்பப் படங்களுக்கு வேறு பிரதி எதுவும் இல்லை. எது போயிருக்கிறது என்று எப்படி அறிவது, படங்களைக் காப்பாற்ற முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

மதர்போர்டை இன்னும் வாங்காதீர்கள். மின்விசிறி அசைந்துவிட்டு உடனே நிற்பது, புதிய எஸ்.எம்.பி.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. அதன் வெளியீட்டுத் தடங்களில் எங்கோ ஓரிடத்தில் ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்கே பாயும் இணைப்பு, இருக்கிறது. அதை உணர்ந்த பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அந்த ஷார்ட் மதர்போர்டில் இருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கலாம். நீங்கள் காப்பாற்றத் துடிக்கும் ஹார்ட் டிஸ்கின் அடிப்பலகையில் உள்ள ஒரு சின்னஞ்சிறு டையோடிலும் இருக்கலாம். இம்மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்பு, எது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

பிரித்தறிவதற்கு, திடீரென உயர்ந்த மின்னழுத்தம் (சர்ஜ்) எந்த வழியாக உள்ளே வந்திருக்கும் என்று யோசிப்பது மிகவும் உதவும். சுவரிலுள்ள பிளக் ஒரு வழி. அந்த வழியாக வருவது முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்திக்கிறது. அதனுள்ளே மின்வழங்கல் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்திருப்பதால், பெரும்பாலான சர்ஜ்கள் முதல் பாதியிலேயே ஃபியூஸையும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரையும் எரித்துவிட்டு அடங்கிவிடுகின்றன. பின்னால் உள்ளவை தப்பிவிடுகின்றன. அதனால்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றிப் பிழைத்த கணினிகள் ஏராளம். இரண்டாவது வழி நெட்வொர்க் கேபிள். மூன்றாவது, தொலைக்காட்சியிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. கேபிள்; அந்தத் தொலைக்காட்சி வெளியே போகும் ஏதாவதொரு கேபிளுடனோ டிஷ்ஷுடனோ இணைந்திருக்கும். பின்னைய இரண்டு வழிகளிலும் எஸ்.எம்.பி.எஸ். என்ற காவலாளி இல்லை. வருவது நேராக மதர்போர்டுக்கோ கிராஃபிக்ஸ் கார்டுக்கோ வருகிறது. உங்கள் ரூட்டரும் போயிருக்கிறது என்ற செய்தியை நான் முக்கியமானதாகக் கருதுவது இதனால்தான். ரூட்டரிலிருந்து கணினிக்குக் கேபிள் போயிருந்ததா, வைஃபை மட்டும் பயன்படுத்தினீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. கேபிள் இருந்திருந்தால் சந்தேகத்தின் பெரும்பங்கு மதர்போர்டின் நெட்வொர்க் பகுதிமீது விழும்.

அன்றைய இரவில் வேறு எவையெல்லாம் பழுதாயின என்று கணக்கெடுப்பதும் பயன்தரும். மின்னல் அருகில் விழுந்து தூண்டும் சர்ஜ் மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். நீண்ட கம்பிகளோடு இணைந்திருக்கும் ரூட்டர், தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றையே அது தேடித் தேடித் தாக்கும். அதற்கு மாறாக, விளக்குகள் கண்கூசும்படி பிரகாசித்து, பல அறைகளில் உள்ள சார்ஜர்களும் எல்.இ.டி. விளக்குகளும் ஒருசேரப் போயிருந்தால், அது நியூட்ரல் கம்பி அறுந்ததன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மும்முனை மின்வழங்கலில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட வந்து, விநாடிகளுக்கோ நிமிடங்களுக்கோ நீடிக்கும். ஸ்பைக் பஸ்டரில் (மின்பாய்ச்சலைத் தடுக்கும் பிளக் பலகையில்) உள்ள வேரிஸ்டர் என்ற பாகம் நொடிப்பொழுதுப் பாய்ச்சலைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது; இத்தகைய நீடித்த மிகை மின்னழுத்தத்தில் அது சூடேறித் தானே கருகிவிடும். மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது, அதில் சர்ஜுக்குப் பங்கே இல்லை: பல ஆண்டுகள் அணைக்காமல் ஓடிய பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெபாசிட்டர்கள் தளர்ந்துபோய், ஓடும்வரை ஓடி, மின்சாரம் ஒருமுறை நின்ற பிறகு குளிர்ந்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்க முடியாமல் போவது. அதற்கும் மக்கள் சர்ஜையே காரணமாகச் சொல்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். பட்டனை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்ப்பதை இப்போதே நிறுத்துங்கள். ஷார்ட் உள்ள தடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி மின்னோட்டம் பாய்கிறது. பாதியில் நிற்கும் சேதத்தை அது முழுமையாக்கிவிடலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு வையுங்கள். பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருந்தால் இதில் விடுபடும். அபூர்வமாக, இத்தோடே பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு. மடிக்கணினிகளில் அடாப்டரையும், கழற்றக்கூடியதாயின் பேட்டரியையும் எடுத்துவிட்டு இதையே செய்ய வேண்டும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை எறிந்துவிடாதீர்கள், அது ஒரு சாட்சி. ஆனால் அதன் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 முதல் 400 வோல்ட் வரை மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும் போதும். ஃபியூஸ் கண்ணாடி கரியப்பிக் கிடந்தால் பெரும் மின்னோட்டம் ஒரே வீச்சில் பாய்ந்திருக்கிறது என்று பொருள். ஃபியூஸை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் ஃபியூஸ் தானாகப் போவதில்லை. அதற்குப் பின்னால் ரெக்டிஃபையரோ, மின்சாரத்தை விரைந்து திறந்து மூடும் ஸ்விட்சிங் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கும், புதிய ஃபியூஸும் அதே கணத்தில் வெடிக்கும். சந்தேகத்துக்குரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நல்ல கணினியில் பொருத்திச் சோதிப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதன் கட்டுப்பாட்டுச் சுற்று போயிருந்தால் 5 வோல்ட் தடத்தில் 7 வோல்ட் வந்து, நன்றாக இருந்த இரண்டாவது கணினியும் பழுதாகும்.

நீங்கள் புதிய எஸ்.எம்.பி.எஸ். பொருத்தியபோது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினீர்களா? இரண்டுமே கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையாக இருந்தால், இந்தக் கேள்விக்கான விடையை மற்றெல்லாவற்றுக்கும் முன்பு சரிபார்க்க வேண்டும். மதர்போர்டு பக்கமும் டிஸ்க் பக்கமும் உள்ள இணைப்பிகளுக்குத்தான் பொதுத் தரம் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து இணைப்பிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களிலேயே அது மாறுகிறது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்து, அழகாகப் பொருந்தி, 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட்டை அனுப்பிவிடும். சர்ஜில் தப்பிய டிஸ்க்குகள் மறுநாள் இந்தத் தவறில் எரிந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியுடன் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

அடுத்து, புதிய எஸ்.எம்.பி.எஸ். நல்லதுதானா என்று தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். புதிது என்பதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. அதைக் கணினியிலிருந்து முழுமையாகக் கழற்றி வெளியே எடுத்து வைத்து, 24 பின் இணைப்பியின் 16ஆம் பின்னை ஏதாவதொரு கறுப்பு வயருடன் சிறு கம்பித் துண்டால் இணைத்தால் அது ஓடத் தொடங்கும். வண்ண வயர்கள் உள்ளவற்றில் அந்தப் பின் பச்சை. சுமை ஏதேனும் இருப்பது நல்லது. பழைய கேபினெட் மின்விசிறி ஒன்று போதும். மல்டிமீட்டரில் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருக்க வேண்டும். ஊதா வயரில் வரும் 5 வோல்ட், கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டை விழித்திருக்கச் செய்யும் காத்திருப்பு மின்சாரம். பச்சையை இணைக்காமலே அது இருக்க வேண்டும். சாம்பல் நிற வயர், எல்லாத் தடங்களும் நிலைபெற்ற பிறகு ஏறத்தாழ 100 முதல் 500 மில்லி விநாடிகளுக்குள் 5 வோல்ட்டுக்கு உயரும். அது உயராவிட்டால் மற்ற அளவுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் மதர்போர்டு தொடங்காது. இந்தச் சோதனையில் தோற்ற எஸ்.எம்.பி.எஸ். கெட்டதென்று உறுதியாகச் சொல்லலாம். தேறியது நல்லதென்று அதே உறுதியோடு சொல்ல முடியாது, ஏனெனில் சுமை ஏறும்போது விழும் மின்னழுத்தத்தையும் அலைவையும் இது காட்டாது. உங்கள் நிலைமைக்கு இந்த அளவு போதுமானது.

எஸ்.எம்.பி.எஸ். தேறினால், அதைக் கணினியில் திரும்பப் பொருத்தும்போது எல்லாவற்றையும் ஒருசேர மாட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் பவர் கேபிள்களைக் கழற்றிவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டை முழுமையாக வெளியே எடுங்கள். யு.எஸ்.பி. கருவிகள், முன்பக்க யு.எஸ்.பி. இணைப்பு, கேபினெட் மின்விசிறிகள், நெட்வொர்க் கேபிள் எதுவும் வேண்டாம். மதர்போர்டு, பிராசஸர், அதன் மின்விசிறி, ஒரே ஒரு ரேம். இந்த நிலையில் பட்டனை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். மின்விசிறி நிற்காமல் ஓடினால், கழற்றிய பாகங்களில் ஏதோ ஒன்றில்தான் ஷார்ட். மதர்போர்டும் பிராசஸரும் போய்விட்டன என்ற தீர்ப்பு அங்கேயே கேள்விக்குரியதாகிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது என் மேசைக்கு வந்த ஒரு கணினி நினைவுக்கு வருகிறது. அதற்கும் மதர்போர்டு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. நான் ஹார்ட் டிஸ்கின் பவர் கேபிளைக் கழற்றியதும் அது சாதாரணமாகத் தொடங்கி, இயங்குதளம் இல்லை என்ற செய்தியைத் திரையில் காட்டி நின்றது. டிஸ்கைத் திருப்பி வைத்துப் பார்த்தால் பச்சைப் பலகையில், பவர் இணைப்பிக்கு வெகு அருகில், அரிசியைவிடச் சற்றே பருத்த இரண்டு கறுப்புச் சதுரங்கள் இருந்தன. அவை டி.வி.எஸ். டையோடுகள், ஒன்று 5 வோல்ட் தடத்துக்கும் மற்றொன்று 12 வோல்ட் தடத்துக்கும் காவல். மின்னழுத்தம் எல்லை மீறினால் அவை அதைத் தரைக்குத் திருப்பிவிடுகின்றன. அளவுக்கு மீறினால் தாமே ஷார்ட் ஆகி, பின்னால் உள்ள சிப்புகளைக் காத்துவிட்டு மடிகின்றன. ஷார்ட் இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முதலாவதன்மீது வைத்தேன், ஒலி எழவில்லை. இரண்டாவதன்மீது வைத்ததும் விடாமல் ஒலித்தது. கூர்மையான வெட்டுக்குறடால் அதன் இரு கால்களையும் வெட்டி எடுத்த பிறகு அதே இடத்தில் மீண்டும் அளந்தபோது ஒலி இல்லை. வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் இணைத்ததும் தட்டு சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்டது. அன்றே எல்லாக் கோப்புகளையும் வேறு டிஸ்குக்கு நகலெடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் டிஸ்க்கும் அப்படித்தான் என்று நான் வாக்களிக்க முடியாது, ஆனால் சோதிப்பது எளிது. டிஸ்க் எதனோடும் இணைக்கப்படாத நிலையில் அந்த இரு டையோடுகளையும் அளந்து பாருங்கள். ஏதாவதொன்று இரு திசைகளிலும் சுழிய ஓம் அருகில் காட்டினால் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளலாம். டையோடை நீக்கிய பிறகும் அந்தத் தடம் ஷார்ட்டாகவே இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள மோட்டார் இயக்கி சிப்பும் போயிருக்கக்கூடும். அதற்குமேல் நீங்கள் கைவைக்க வேண்டாம். நீக்கியதும் ஓடினால், அந்த டிஸ்குக்கு இனி காவல் இல்லை என்பதை நினைவில் வைத்து, சோதித்துத் தேறிய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு மட்டும் இணைத்து, நகலெடுத்து முடித்ததும் ஓய்வு கொடுத்துவிடுங்கள். அதே மாடல் டிஸ்கின் பலகையை வாங்கி மாற்றிப் போடலாம் என்ற யோசனையைச் சிலர் சொல்வார்கள். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்கில் தரவைப் படிக்கும் தலைகளுக்கும் அது எழுதப்படும் தட்டுகளுக்கும் உரிய அளவீடுகள் பலகையிலுள்ள ரோம் சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையும் இடம் மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் பலன் தருவதில்லை. மின்சாரம் கொடுத்ததும் கிளிக், கிளிக் என்று தட்டும் ஓசை வந்தால் உடனே துண்டியுங்கள். அது பெரும்பாலும் தலைகளின் பழுது, ஒவ்வொரு நொடியும் தட்டின் பரப்பைக் கீறக்கூடியது. படங்களுக்கு வேறு பிரதி இல்லை என்பதால், இந்தக் கட்டத்தில் தயக்கம் இருந்தால் தரவு மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்திடம் கொடுப்பதே சரி. எஸ்.எஸ்.டி. என்றால் நிலைமை கடினமானது. பலவற்றில் தரவு எப்போதும் குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் திறவுகோல் கண்ட்ரோலர் சிப்பிலேயே இருப்பதால், அந்தச் சிப் போனால் நினைவகச் சிப்புகளைத் தனியே எடுத்துப் படிப்பதில் பயனில்லை.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மின்விசிறி நின்றுவிட்டால், ஷார்ட் மதர்போர்டிலோ பிராசஸரிலோதான். அடுத்து, பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை அழுத்துங்கள். இப்போது நிற்காமல் ஓடினால், திரையில் எதுவும் வராது என்றாலும், ஷார்ட் பிராசஸருக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பகுதியில் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, சில நிமிடம் காத்திருந்து, மதர்போர்டிலுள்ள அந்த 8 பின் இணைப்பியின் 12 வோல்ட் பின்னுக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளந்தால் இதை உறுதிசெய்யலாம். நல்ல பலகையில் கெபாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப அளவு ஏறிக்கொண்டே போய், நூற்றுக்கணக்கான ஓமிலோ கிலோ ஓமிலோ நிற்கும். ஓரிரு ஓமிலேயே நின்றால் மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: பிராசஸரைச் சுற்றியுள்ள காயில்களில் அளந்து, ஓர் ஓமுக்கும் குறைவாக இருப்பதைக் கண்டு ஷார்ட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பிராசஸரின் மையத்துக்குப் போகும் தடம். பிராசஸர் பொருத்தியிருக்கும்போது அங்கே மின்தடை அவ்வளவு குறைவாக இருப்பது இயல்பு.

பிராசஸரைப் பொறுத்தவரை, அது நேரடியாகச் சர்ஜில் சாவது அரிது. அதற்கும் வெளியுலகுக்கும் நடுவே எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டின் மின்னழுத்தக் குறைப்புச் சுற்று என இரண்டு மதில்கள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுற்றின் மேற்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டால், ஒரு வோல்ட்டை ஒட்டி ஓடவேண்டிய பிராசஸர்மீது 12 வோல்ட் நேரடியாக ஏறுகிறது. இதனால்தான் சந்தேகமான மதர்போர்டில் நல்ல பிராசஸரை வைத்துச் சோதிக்கக் கூடாது என்கிறேன். வைத்த கணமே அதுவும் போகும். சந்தேகமான பிராசஸரை நல்ல மதர்போர்டில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்து குறைவு. பொதுவாகவே, அளக்காமல் மாற்றி மாற்றிப் பொருத்தும் முறை சர்ஜ் கண்ட கணினிக்கு உகந்ததன்று. மற்றப் பழுதுகளில் நேரத்தை மிச்சப்படுத்தும் அதே பழக்கம் இங்கே பழுதைப் பரப்புகிறது.

நெட்வொர்க் வழியாகச் சேதம் வந்திருந்தால் அறிகுறிகள் சற்று வேறாக இருக்கும். கேபிள் இணைப்பிக்குப் பின்னால் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. அவை 1500 வோல்ட் வரை பிரித்து வைக்கும் தரத்தில் செய்யப்படுபவை, ஆனால் அருகில் விழுந்த மின்னல் அதைவிடப் பல மடங்கு தூண்டக்கூடும். அதைக் கடந்தால் நெட்வொர்க் சிப் போகும். கணினி அணைந்திருந்தாலும் அந்தச் சிப் காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருப்பது வழக்கமாதலால், அது ஷார்ட் ஆனால் காத்திருப்புத் தடத்தையே கீழே இழுத்துவிடும். மதர்போர்டில் எந்த விளக்கும் எரியாது, பட்டனுக்குப் பதிலே இருக்காது. பட்டனை அழுத்தாமல், பிளக்கை மட்டும் செருகி ஒரு நிமிடம் கழித்து அந்தச் சிப்பின்மீது ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பாருங்கள். மற்ற இடங்களில் மெதுவாகக் காயும் அது அங்கே மட்டும் சட்டென்று ஆவியானால் சிப் சூடாகிறது என்று பொருள். விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஷார்ட் ஆன சிப் தோலைச் சுடும். இதைவிட இலகுவான பழுதும் உண்டு: கணினி முழுமையாக இயங்கும், நெட்வொர்க் துறை (போர்ட்) மட்டும் செத்திருக்கும். அதற்கு மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அதை முடக்கிவிட்டுத் தனி நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பொருத்தினால் போதும்.

மின்விசிறி நிற்காமல் ஓடி, திரை மட்டும் இருண்டிருக்கும் நிலைக்கு நீங்கள் வந்து சேர்ந்தால், அது பெரிய முன்னேற்றம். முதலில் உங்கள் பிராசஸரில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பிராசஸரில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுத் திரையை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். பிறகு, மதர்போர்டில் சிறு எச்சரிக்கை விளக்குகள் இருந்தால் எது எரிந்து நிற்கிறது என்று கவனியுங்கள். பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ், தொடக்கம் என்ற நான்கில் எந்தப் படியில் பலகை நின்றுபோனது என்பதை அது சொல்லும். பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியை எடுத்துச் சில நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள். அதன் 3 வோல்ட் 2.7க்குக் கீழ் இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். ரேம்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பாருங்கள். பயாஸ் தகவல் சிதைந்திருந்தால், பென் டிரைவிலிருந்து அதை மீண்டும் எழுதும் வசதி உங்கள் பலகையில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்க்கலாம்.

கணினி மீண்டும் எழுந்துவிட்டால் பலர் அத்தோடு நிம்மதியடைந்துவிடுகிறார்கள். நான் மேலும் சில வாரங்களுக்கு அதை நம்ப மாட்டேன். சர்ஜ் ஒரு சிப்பைக் கொல்லாமல் பலவீனப்படுத்தி மட்டும் விடுவது உண்டு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமோ அது அமர்ந்திருக்கும் இடமோ ஏற்கத்தக்கதன்று. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் மாற்றப்பட்ட செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்), நிலுவையிலுள்ள செக்டர்கள் ஆகிய எண்ணிக்கைகளைக் குறித்துவைத்து, வாரந்தோறும் ஒப்பிடுங்கள். நின்ற இடத்தில் நிற்கும் எண் பயமுறுத்துவதில்லை, ஏறும் எண்ணே எச்சரிக்கை. அந்தப் பதிவில், தரவு போகும் வழியில் சிதைந்ததைக் காட்டும் சி.ஆர்.சி. பிழை மட்டும் ஏறினால் குற்றம் டிஸ்கினதாக இல்லாமல் கேபிளினதாகவோ துறையினதாகவோ இருக்கலாம். விண்டோஸில் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு பதற வேண்டாம். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டும் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. வீயா-லாகர் என்ற பெயரில் வரும் பதிவுகளோ நேரடியாக வன்பொருள் பிழையைக் குறிப்பவை. அவற்றைத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு யு.எஸ்.பி. துறையையும் ஒலித்துறையையும் ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். கோப்பு அமைப்பில் பிழை வந்தால் அதை உடனே வன்பொருள் பழுதாகக் கருதாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலே அது நேரும். ஆனால் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கட்டளையை, படங்களை நகலெடுத்த பிறகே ஓட்டுங்கள்.

அன்று கணினி ஸ்பைக் பஸ்டரில் இணைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். வேரிஸ்டர் ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் தேய்கிறது; பெரிய ஒன்றைத் தாங்கியது அடுத்ததைத் தாங்கும் என்று எண்ண முடியாது, அதன் ஸ்விட்ச் விளக்கு எரிவதும் வேரிஸ்டர் உயிரோடிருப்பதற்குச் சான்றன்று. சரியான எர்த் இல்லாத பிளக்கில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் அரைகுறையாகவே வேலை செய்யும் என்பதால், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தையும் நியூட்ரல் இணைப்பையும் அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் தளர்ந்திருந்தால், இப்போது வாங்கும் எதுவும் மறுபடியும் போகும்.

உங்களிடம் மல்டிமீட்டர் இல்லாவிட்டாலும் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கேபிள்கள் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் வந்தவைதானா என்று சரிபார்த்து, ஹார்ட் டிஸ்கின் பவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். மின்விசிறி நிற்காமல் ஓடினால் டிஸ்கை மீண்டும் மாட்டாமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டு, அதன் அடிப்பலகையில் பவர் இணைப்பியின் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். எந்த இரண்டு டையோடுகளை அளக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். நின்றுவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டு, பிறகு 8 பின் கேபிள் என்ற வரிசையில் கழற்றிப் பார்த்து, எந்தப் படியில் நடத்தை மாறியது என்று எழுதுங்கள். ரூட்டரிலிருந்து கணினிக்குக் கேபிள் போயிருந்ததா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.